காரை விற்கும்போது எக்ஸ்டெண்டெட் வாரண்டியை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் கார் வாங்கும் ஒருவர், விலை பேசி முடித்தபின் டீலர்ஷிப்பின் நிதிப் பிரிவு அறையில் அமர்ந்து கையெழுத்திடும் தாள்களில், பிற்பாடு வரும் பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லித் தனி விலைக்கு விற்கப்படும் எக்ஸ்டெண்டெட் வாரண்டிக்கான ஒப்பந்தமும் பல நேரங்களில் இருக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்று வரும் அதன் விலை பெரும்பாலும் கார் கடனோடு சேர்க்கப்பட்டுவிடுவதால், மாதத் தவணையில் ஐம்பது டாலர் போலக் கூடியிருப்பது மட்டுமே வாங்குபவரின் கண்ணில் படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால் அப்படியொன்றை வாங்கியதே மறந்துபோகிறது. காரை விற்கும் நாளில் டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம், கடன் பாக்கி, காப்பீடு, நம்பர் பிளேட் எல்லாம் நினைவுக்கு வரும். இந்த ஒப்பந்தம் மட்டும் வராது.

ஆனால், காலம் முடியாத ஒப்பந்தத்தின் பயன்படுத்தாத பகுதிக்கு உரிய பணத்தைப் பொதுவாகக் கேட்டுத் திரும்பப் பெறலாம். கேட்டால்தான் பெறலாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கார் கைமாறியது என்ற செய்தி அந்த ஒப்பந்தத்தை நடத்தும் நிறுவனத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்தாலும் கேட்காத பணத்தை எடுத்து நீட்ட யாருக்கும் அவசரம் இருக்காது. எனவே இந்தக் கட்டுரை இந்த ஒப்பந்தம் என்ன, பணம் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு திரும்பும், எப்படிக் கேட்பது என்பவற்றை, இதற்கு முன் இப்படியொரு விண்ணப்பம் எழுதியிராத ஒருவருக்காக விளக்குகிறது.

வாரண்டி வேறு, இது வேறு

கார் தயாரிப்பாளர் காரின் விலைக்குள்ளேயே அடக்கித் தருவதுதான் வாரண்டி. பல நிறுவனங்களில் அது 3 ஆண்டு அல்லது 36,000 மைல், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை இருக்கும். எஞ்சினுக்கும் கியர் அமைப்புக்கும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்பது பரவலான வரம்பு. அதற்குத் தனியாகப் பணம் வாங்கப்படவில்லை என்பதால் ரத்து செய்து திரும்பப் பெறவும் எதுவுமில்லை. காரை விற்றால் அது பொதுவாகக் காரோடேயே புதிய உரிமையாளருக்குப் போகும். இதற்கு விலக்குகளும் உண்டு: ஹூண்டாய், கியா நிறுவனங்கள் எஞ்சின், கியர் அமைப்புக்குத் தரும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி முதல் உரிமையாளருக்கே முழுமையானது, பழைய காராக வாங்குபவருக்கு அது 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். முழு வாரண்டியும் தொடரும் என்று விற்பவர் வாங்குபவரிடம் சொல்லி வைப்பது தவறான வாக்குறுதியாகிவிடும் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

தனி விலை கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டெட் வாரண்டி, சட்டத்தின் பார்வையில் வாரண்டியே அல்ல. அது ஒரு சேவை ஒப்பந்தம். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பேசுகிறது. இன்னின்ன பாகங்கள் பழுதானால், இவ்வளவு காலத்துக்குள் அல்லது இவ்வளவு மைலுக்குள், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்ற உறுதிக்கு முன்பணமாக ஒரு தொகை செலுத்தப்படுகிறது. முன்பணம் என்பதால்தான், பாதியில் விலகினால் மீதிக்கு உரிமை பிறக்கிறது.

பணம் யாரிடம் இருக்கிறது?

ரத்து செய்யப் போகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இது புரிந்தால், டீலரிடம் தொலைபேசியில் கேட்கும் பதில்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

ஒப்பந்தத்தை விற்பவர் டீலர். ஆனால் பழுது வரும்போது பணம் தருபவர் பெரும்பாலும் அவர் அல்லர். ‘நிர்வாகி’ என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படும் வேறொரு நிறுவனம், பழுதுச் செலவைக் கேட்டு வரும் விண்ணப்பங்களான க்ளெய்ம்களைக் கவனிக்கிறது. ஃபோர்டு ப்ரொடெக்ட், ஹோண்டா கேர் போன்றவை கார் தயாரிப்பாளரின் பின்புலத்தோடு நடப்பவை. மற்றவை கார் தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத தனி நிறுவனங்களுடையவை. ஒப்பந்தம் கடனில் வாங்கப்பட்டிருந்தால், அதற்கான முழுத் தொகையையும் முதல் நாளே டீலருக்குக் கொடுத்துவிட்ட வங்கி மூன்றாவது தரப்பு.

2,800 டாலருக்கு விற்கப்பட்ட ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 1,500 டாலர் நிர்வாகிக்குப் போயிருக்கிறது, 1,300 டாலர் டீலரின் லாபமாக நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் ரத்து செய்தால், திரும்பத் தரவேண்டிய தொகை இந்த இரண்டு பங்குகளிலிருந்தும் அதே விகிதத்தில் வரவேண்டும். அதாவது, டீலர் தாம் எப்போதோ லாபக் கணக்கில் எழுதிவிட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விற்ற ஊழியரின் கமிஷனும்கூடச் சில இடங்களில் பிடிக்கப்படுகிறது. நிதிப் பிரிவு மேலாளர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் அழையுங்கள், இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்பன போன்ற பதில்களுக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இந்தக் கணக்கே. எல்லா டீலர்களும் அப்படி நடப்பதில்லை. ஒரே தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே அனுப்பிவிடுபவர்களும் உண்டு. ஆனாலும் ‘முடியாது’ என்ற வாய்மொழிப் பதிலை நம்பி விலகிவிடாமல், ஒப்பந்தத் தாளில் ‘ரத்து’ என்ற தலைப்பின் கீழ் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதே சரி.

கடன் தரும் நிறுவனங்களும் இதில் எப்போதும் நேர்மையாக நடந்ததில்லை. டொயோட்டா மோட்டார் கிரெடிட் நிறுவனம், கடனோடு சேர்த்து விற்கப்பட்ட இத்தகைய கூடுதல் திட்டங்களை வாடிக்கையாளர்கள் ரத்து செய்வதைக் கடினமாக்கியது, திரும்பத் தரவேண்டிய பணத்தைத் தராமலோ தவறாகக் கணக்கிட்டோ நடந்துகொண்டது என்று குற்றம்சாட்டி, அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 நவம்பரில் 6 கோடி டாலர் செலுத்துமாறு உத்தரவிட்டது.

எவ்வளவு திரும்பும்?

வாங்கிய சில வாரங்களுக்குள்ளேயே மனம் மாறினால் பொதுவாக முழுப் பணமும் திரும்பும். இந்த அவகாசம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் 30 நாளோ 60 நாளோ இருப்பது வழக்கம். கலிபோர்னியாவில் புதிய காருக்கான ஒப்பந்தத்துக்கு 60 நாள். தயாரிப்பாளர் வாரண்டி இல்லாத பழைய காருக்கு 30 நாள். காரை விற்பதோ பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்து என்பதால், நமக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய விதியே.

அந்த விதி விகிதக் கணக்கு. ஒப்பந்தக் காலத்தில் எத்தனை சதவீதம் கழிந்தது, ஒப்பந்த மைலில் எத்தனை சதவீதம் ஓடியது என்று இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதைப் பயன்படுத்திய பகுதியாக எடுத்துக்கொள்வதே பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள முறை. வாடிக்கையாளருக்குச் சாதகமான எண்ணை யாரும் எடுப்பதில்லை.

மேலே சொன்ன 2,800 டாலர் ஒப்பந்தம், புதிய காரோடு வாங்கப்பட்ட 7 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் ஒப்பந்தம் என்று கொள்வோம். சரியாக 3 ஆண்டு முடியும்போது, 36,000 மைல் ஓடிய நிலையில், கார் விற்கப்படுகிறது. 84 மாதங்களில் 36 கழிந்துவிட்டதால் கால அளவில் பயன்பாடு ஏறக்குறைய 43 சதவீதம். மைல் அளவில் 36 சதவீதம். காலமே அதிகம் என்பதால் அதைக் கொண்டு கணக்கிட்டால் மீதி 48 மாதங்களுக்கு உரிய 1,600 டாலர் திரும்ப வேண்டும். ரத்துக் கட்டணம் 50 டாலர் என்றால் கைக்கு வருவது 1,550. அதே காரை அதே நாளில் 52,000 மைல் ஓடிய நிலையில் விற்றிருந்தால் மைல் கணக்கு முந்திக்கொண்டு, திரும்பும் தொகை 1,344 டாலராகக் குறைந்து, கட்டணம் போக 1,294 ஆகியிருக்கும்.

இந்த உதாரணத்தில் பலரையும் துணுக்குற வைக்கும் ஒன்று ஒளிந்திருக்கிறது. முதல் 3 ஆண்டுகளும் தயாரிப்பாளரின் வாரண்டியே காரின் பெரும்பாலான பழுதுகளைப் பார்த்துக்கொண்டது. விலை கொடுத்து வாங்கிய ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ‘என் எக்ஸ்டெண்டெட் வாரண்டி இன்னும் தொடங்கவே இல்லை, முழுப் பணமும் வரும்’ என்று அந்தக் கட்டத்தில் ஒருவர் எண்ணுவது இயல்பே. ஆனால் புதிய காரோடு விற்கப்படும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடிகாரம் கார் சாலைக்கு வந்த முதல் நாளிலிருந்து, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரின் சுழியத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. நியாயமா என்று கேட்டால், என் பார்வையில் இல்லை. இருந்தாலும் கையெழுத்திட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறது. பழைய காருக்கு வாங்கிய ஒப்பந்தமானால், வாங்கிய நாளிலிருந்தும் அன்றைய ஓடோமீட்டர் எண்ணிலிருந்தும் தொடங்குவது வழக்கம். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், காரின் அடையாள எண்ணும் விலையும் அச்சாகியிருக்கும் அந்தப் பக்கத்திலேயே, தொடக்க நாள், முடிவு நாள், முடிவு மைல் என்று கொடுக்கப்பட்டிருக்கும்.

கழிவுகள் இரண்டு உண்டு. ஒன்று, மேலே பார்த்த ரத்துக் கட்டணம்; பல ஒப்பந்தங்களில் அது 25 டாலரிலிருந்து 75 டாலர் வரை இருக்கிறது. கலிபோர்னியா அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒப்பந்த விலையில் 10 சதவீதம் அல்லது 25 டாலர், இரண்டில் எது குறைவோ அது. மற்றொன்று, ஏற்கெனவே வாங்கிய க்ளெய்ம் தொகை. ஏசி கம்ப்ரஸர் மாற்ற 900 டாலரை அந்த நிறுவனம் கொடுத்திருந்தால், சில ஒப்பந்தங்கள் அதைத் திரும்பும் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும். பெரிய பழுது ஒன்றுக்கு ஒப்பந்தத்தைப் பயன்படுத்தியவருக்கு மீதி ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அவருக்கு ஒப்பந்தம் தன் வேலையைச் செய்துவிட்டது.

நாள் தள்ளினால் பணம் கரையும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பல நிறுவனங்கள் கார் விற்ற நாளை அல்ல, எழுத்து வடிவில் விண்ணப்பம் வந்து சேர்ந்த நாளையே கணக்குக்கு எடுக்கின்றன. நம் உதாரணத்தில் ஒரு மாதத் தாமதம் என்பது 33 டாலருக்கு மேல். சில நிறுவனங்கள் விற்பனைப் பத்திரத்தைக் காட்டினால் விற்ற நாளையே ஏற்கின்றன. எனவே ஓராண்டுக்கு முன் காரை விற்றுவிட்டு இப்போதுதான் ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது என்றாலும், காலாவதியாகாத வரையில் கேட்டுப் பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

கடன் பாக்கி இருந்தால்

ஒப்பந்தத்தின் விலை கார் கடனுக்குள் இருந்து, அந்தக் கடன் இன்னும் முடியவில்லை என்றால், திரும்பும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போகும். அது அசலில் கழிக்கப்படும். மாதத் தவணை குறையாது, கடன் முன்கூட்டியே முடியும். ஒப்பந்தத்தின் விலைக்கு இதுவரை கட்டிய வட்டி யாரிடமிருந்தும் திரும்பாது.

காரை விற்கும்போது நிலைமை சற்று வேறு. வாங்குபவரோ டீலரோ கொடுக்கும் பணத்திலிருந்து கடன் முழுவதும் அடைக்கப்பட்டுவிடுகிறது. ஒப்பந்தப் பணம் வந்து சேர்வதோ அதற்குச் சில வாரங்கள் கழித்து. நிர்வாகியின் பதிவேட்டில் வங்கியின் பெயர் அப்படியே இருப்பதால் காசோலை வங்கிக்கே போய், கடன் கணக்கு மூடப்பட்டுவிட்டதால் அங்கிருந்து வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பப்படும் வரை இன்னும் பல நாள் ஆகலாம். இதைத் தவிர்க்க, கடன் முழுமையாக அடைந்துவிட்டது என்று வங்கி தரும் கடிதத்தை ரத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால், காசோலை நேராக விற்றவரின் பெயருக்கே எழுதப்படும்.

ரத்து செய்வதா, வாங்குபவருக்கு மாற்றிக் கொடுப்பதா?

தனி நபருக்கு விற்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களை ஒரு முறை, ஒரு சிறு கட்டணத்துக்கு, புதிய உரிமையாளரின் பெயருக்கு மாற்றலாம். விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் என்பது போன்ற காலக்கெடு இருக்கும். ஆயில் மாற்றியது முதலிய பராமரிப்பு ரசீதுகளைக் கேட்பதும் உண்டு. டீலருக்கோ, கார்மேக்ஸ், கார்வானா போன்ற கார் வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கோ விற்றால் மாற்றிக் கொடுக்கும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். அங்கே ரத்து ஒன்றே வழி.

எது லாபம் என்பதற்கு என் பதில், பெரும்பாலும் ரத்து. வாங்குபவர் காரைத்தான் பார்த்து விலை பேசுகிறார். 1,550 டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் இருக்கிறது என்றால் மகிழ்வாரே தவிர, அதற்காக 1,550 டாலர் கூடுதலாகத் தரமாட்டார். பழுது பார்க்கும் செலவு கூடுதலான ஜெர்மன் சொகுசுக் கார்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறக்கூடும். பிஎம்டபிள்யூ காரைத் தயாரிப்பாளர் வாரண்டி முடிந்தபின் வாங்கத் தயங்கும் ஒருவருக்கு, நல்ல ஒப்பந்தம் ஒன்று உடன் வருவது முடிவெடுக்க வைக்கும் காரணமாகலாம். அப்போதும் அதைப் பேரத்தின் ஒரு பகுதியாகவே வைத்து, எவ்வளவு பணம் திரும்பும் என்பதை முதலில் கேட்டு அறிந்து, அந்தத் தொகையை விலையில் கூட்டிக் கேட்டு, தர மறுத்தால் ரத்து செய்துகொள்வதே உத்தமம். ரத்து செய்த ஒப்பந்தத்தை உயிர்ப்பிக்க முடியாது என்பதால், விற்பனை உறுதியாகும் முன் ரத்துக் கடிதத்தை அனுப்பிவிடக் கூடாது.

விண்ணப்பிக்கும் முறை

ஒப்பந்தத் தாள் கையில் இல்லையென்றால், அதை விற்ற டீலரிடமோ நிர்வாகியிடமோ காரின் 17 எழுத்து அடையாள எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். தொலைபேசி எண்ணை ஒப்பந்தத் தாளிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். ‘உங்கள் கார் வாரண்டி காலாவதியாகப் போகிறது’ என்று தொல்லை கொடுக்கும் அழைப்புகளையும் அஞ்சலட்டைகளையும் அமெரிக்காவில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவற்றில் உள்ள எண்ணை அழைத்தால் ரத்து நடக்காது, புதிய ஒப்பந்தம்தான் விற்கப்படும்.

டீலர் வழியாக வாங்கிய ஒப்பந்தத்தை, விற்ற அந்த டீலர் வழியாகவே ரத்து செய்ய வேண்டும் என்று பல நிர்வாகிகள் சொல்வார்கள். புதிய காரை வேறொரு டீலரிடம் வாங்கிப் பழையதை அங்கேயே கொடுக்கிறவர்கள், ‘நாங்களே ரத்து செய்துவிடுகிறோம்’ என்று அங்கே சொல்லப்படுவதை நம்பி இருந்துவிடுவதுண்டு; அந்த டீலருக்கு வேறொரு டீலர் விற்ற ஒப்பந்தத்தின் மீது எந்த அதிகாரமும் இல்லை. ரத்துப் படிவத்தில் ஒப்பந்த எண், காரின் அடையாள எண், ரத்துக்கான காரணம், அன்றைய ஓடோமீட்டர் எண், நாள், கையெழுத்து ஆகியவை கேட்கப்படும். இணைக்க வேண்டியவை விற்பனைப் பத்திரம், ஓடோமீட்டர் அறிக்கை, கடன் இருந்திருந்தால் அடைபட்டதற்கான கடிதம். 2011 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்கு 20 ஆண்டு வரை, விற்கும்போது ஓடோமீட்டர் எண்ணை எழுதித் தரவேண்டும் என்பது கூட்டாட்சி விதி என்பதால், அந்தத் தாள் எப்படியும் உருவாகிவிடும். அதன் நகலை வைத்துக்கொண்டாலே போதும். சாவியைக் கொடுப்பதற்கு முன் எண் தெளிவாகத் தெரியும்படி ஓடோமீட்டரைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால், பிற்பாடு எண்ணைப் பற்றிய தகராறுக்கே இடமிருக்காது.

படிவத்தை டீலரின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வருவது போதாது என்பது என் கருத்து. அதே தாள்களை நிர்வாகிக்கும் மின்னஞ்சலிலோ, பெற்றதற்கு அத்தாட்சி வரும் பதிவு அஞ்சலிலோ அனுப்பிவிட்டால், விண்ணப்பம் எந்த நாளில் சேர்ந்தது என்பதற்குச் சான்று இருக்கும். டீலரின் மேசையில் இரண்டு மாதம் கிடந்த படிவத்துக்கான நஷ்டம் அப்போது வாடிக்கையாளர் தலையில் விழாது. பணம் வர நான்கு முதல் எட்டு வாரம் ஆவது சாதாரணம்.

கார் வாங்கிய அன்று அதே நிதிப் பிரிவு அறையில் வாங்கிய மற்றவற்றையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிட வேண்டும். விபத்தில் கார் முற்றாக அழிந்தால் கடனுக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் கேப் திட்டம், டயர்-சக்கரப் பாதுகாப்பு, முன்பணம் கட்டிய பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கும். ஒன்றை ரத்து செய்தால் மற்றவை தாமாக ரத்தாகா. கடனே இல்லாமல் போனபின் கேப் திட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

பணம் வராமல் இழுத்தடிக்கப்பட்டால், மாநில அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். யாரிடம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது: கலிபோர்னியாவில் காப்பீட்டுத் துறை, டெக்சஸில் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை, மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு எங்கும் உண்டு. புகாரின் நகலை டீலர்ஷிப்பின் பொது மேலாளருக்கு அனுப்பினாலே வேலை நடந்துவிடுவதும் உண்டு.

வேலை முடிந்தோ விசா முடிந்தோ நாடு திரும்புவதற்காகக் காரை விற்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விமானம் ஏறும் வாரத்தில் கார் விற்கப்படும். காசோலை இரண்டு மாதம் கழித்துக் காலி செய்த வீட்டுக்கு வரும். இந்தியாவில் அமெரிக்க டாலர் காசோலையைப் பணமாக்குவது நாள் பிடிக்கும், செலவும் வைக்கும். சில வங்கிகள் வாங்கவே மறுக்கும். ஆகவே இத்தகையவர்கள் விண்ணப்பத்தில் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கும் நம்பகமான நண்பர் அல்லது உறவினரின் முகவரியைக் கொடுத்து, கைப்பேசி வழியாகக் காசோலையைப் படம் எடுத்துச் செலுத்தும் வசதியுள்ள அமெரிக்க வங்கிக் கணக்கு ஒன்றைக் குறைந்தது நான்கைந்து மாதமாவது மூடாமல் வைத்திருக்க வேண்டும். பணத்தை நேராகக் கணக்கில் செலுத்த முடியுமா என்றும் நிர்வாகியிடம் கேட்டுவிடலாம். முடியும் என்றால் காசோலைத் தொல்லையே இராது.